பெயரும் நஞ்சும்: ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளும் சிறுநீரகச் சிதைவின் வரலாறும்

முன்னுரை

தமிழில் தாவரப் பெயர் ஆய்வு பெரும்பாலும் இலக்கிய ஆய்வின் ஒரு கிளையாகவே வளர்ந்து வந்துள்ளது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் நிரல்படுத்தும் மலர்களுள் எது எச்செடிக்கு உரியது என்பது பற்றிய கருத்து வேறுபாடுகள் இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை. பி.எல். சாமி, கு. சீநிவாசன் முதலிய அறிஞர்கள் தாவரவியல் நோக்கில் அப்பெயர்களை ஆராய்ந்து அரிய நூல்களைத் தந்துள்ளனர். அவர்கள் கண்ட அடையாளங்களுள் ஒன்றிரண்டு பிழைபட்டாலும் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. பாடலின் நயம் சற்று வேறுபடும், அவ்வளவே. மருத்துவ நூல்களில் நிலைமை அவ்வாறன்று. அங்கே ஒரு பெயரை வேறொரு செடிக்கு ஏற்றிவிட்டால் அதன் விளைவை ஏட்டில் காண முடியாது. மனித உடம்பில்தான் காண முடியும். அவ்வாறு உண்மையில் நேர்ந்திருக்கிறது. அது நேர்ந்த இடம் தமிழகமன்று, ஐரோப்பாவும் சீனமுமாகும். ஆயினும் அந்நிகழ்ச்சிகளுக்குக் காரணமான தாவர இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள் தமிழ் மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஆதலின் அவ்வரலாற்றைத் தமிழ் ஆய்வாளர்கள் அறிந்துகொள்வது இன்றியமையாதது எனக் கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

செடியும் அதன் பெயர்களும்

அரிஸ்டலோக்கியா என்னும் பேரினம் உலகின் வெப்பப் பகுதிகளிலும் மிதவெப்பப் பகுதிகளிலும் பரவியுள்ளது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு ‘நற்பேறு தருவது’, அதாவது மகப்பேற்றை எளிதாக்குவது, என்பது பொருள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த டயஸ்கோரிடிஸ் தம் மருந்துப் பொருள் நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் மகப்பேற்றுப் பொருளையே தருகிறது. இவ்வினத்துச் செடிகளின் பூ, வளைந்த குழல் வடிவினது. ஈக்களை உள்ளே கவர்ந்து சிறிது நேரம் சிறைப்படுத்தி, மகரந்தத்தைச் சுமக்கச் செய்து பின்னர் வெளியே விடுவது. இப்பூவின் வளைவைக் கருப்பையின் வடிவாக எண்ணியதாலேயே மகப்பேற்று மருந்தாகக் கொண்டனர் என்று கூறுவாரும் உளர்.

தமிழகத்தில் இவ்வினத்துள் இரண்டு செடிகள் சிறப்பாக அறியப்பட்டவை. ஒன்று, அரிஸ்டலோக்கியா இண்டிகா என்னும் சுற்றுக்கொடி. இதற்கு ஈசுரமூலி, பெருமருந்து, கருடக்கொடி, தலைச்சுருளி எனப் பல பெயர்கள் உண்டு. மலையாளத்தில் கரளகம் என்றும் ஈசுவரமுல்ல என்றும் வழங்கும். சிங்களத்தில் சப்சந்த என்பர். மற்றொன்று, கரிசல் நிலங்களிலும் தரிசுகளிலும் தரையோடு படரும் அரிஸ்டலோக்கியா பிராக்டியோலேட்டா. இதுவே ஆடுதின்னாப்பாளை. தாவரவியலார் இதன் இலை வடிவத்தை வருணிக்கும்பொழுது ‘சிறுநீரக வடிவினது’ என்றே எழுதுவர். இது வெறும் தற்செயலே எனினும், இக்கட்டுரையின் பொருளை நோக்கக் குறிப்பிடாமல் விடக்கூடவில்லை.

பெயர்களைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். பெருமருந்து, ஈசுரமூலி என்பன அச்செடியின்பால் மக்கள் கொண்ட மதிப்பைக் காட்டுவன. கருடக்கொடி என்பது பாம்புக்கடிக்கு மருந்தாகப் பயன்பட்டமையைக் காட்டுவது. கருடன் பாம்புக்குப் பகை என்னும் நம்பிக்கை வழிவந்த பெயர் அது. ஆனால், ஆகாசக் கருடன் என்னும் பெயருடைய கிழங்குக்கொடி முற்றிலும் வேறான ஒரு செடியாகும். அது வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் பாம்புக்கடி மருந்தாகவே சொல்லப்படுவதால், ‘கருடன்’ என்னும் முதற்சொல்லை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் இரண்டையும் மயங்கக் கொள்ள இடமுண்டு.

ஆடுதின்னாப்பாளை என்னும் பெயரில் வேறொரு சிக்கல் உள்ளது. பதிப்பு நூல்கள் சிலவற்றில் இது ‘ஆடுதின்னாப்பாலை’ என லகர ஐகாரமாகவும் காணப்படுகிறது. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என வரும் பாலைகள் யாவும் ஒடித்தால் பால் வடியும் மரங்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆடுதின்னாப்பாளையில் பால் இல்லை. அது அக்குடும்பத்தைச் சார்ந்ததும் அன்று. ஆகவே ளகர வடிவத்தையே உரிய வடிவமாகக் கொள்வது பொருந்தும். ஓர் எழுத்தின் திரிபு ஒரு செடியை வேறு குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பதற்கு இது சான்று.

‘ஆடு தின்னாத’ என்னும் அடைமொழியைக் கண்டு, நம் முன்னோர் இச்செடியின் நஞ்சை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமிதம் கொள்ளத் தோன்றும். அவ்வாறு முடிவு கட்டுவது பொருந்தாது. ஆடாதோடை என்னும் செடியின் பெயரும் ஆடு தொடாமையையே குறிக்கிறது என்பர். அது இருமலுக்குப் பெரிதும் பயன்படும் மருந்து. கசப்பும் கார்ப்பும் மிக்க இலைகளை ஆடு ஒதுக்கும். ஒதுக்கியவை எல்லாம் நஞ்சாகா. ஆடுதின்னாப்பாளை என்னும் பெயர் ஒரு மேய்ச்சல் நில நோக்கின் பதிவு. அதற்கு மேல் அப்பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் கால்நடைக்கும் இச்செடிக்கும் உள்ள தொடர்பு, தமிழகத்துக்கு நெடுந்தொலைவில், வேறொரு வகையில் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது.

தன்யூப் ஆற்றங்கரை ஊர்கள்

1950களின் இடைப்பகுதியில், பல்கேரியாவிலும் அக்காலத்து யூகோஸ்லாவியாவிலும், தன்யூப் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் சார்ந்த சில உழவர் ஊர்களில் புதியதொரு சிறுநீரக நோய் மருத்துவர்களின் கருத்தை ஈர்த்தது. 1956ஆம் ஆண்டு பல்கேரியாவிலிருந்தும் அதற்கடுத்த ஆண்டு செர்பியாவிலிருந்தும் அதைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தன. ருமேனியா, குரோவேசியா, பொசுனியா ஆகிய பகுதிகளிலும் அந்நோய் காணப்பட்டது. நோயுற்றோர் பெரும்பாலும் நாற்பது முதல் அறுபது அகவைக்கு உட்பட்டவர். முகம் வெளிறி, தோல் செம்பு நிறம் கலந்த மஞ்சளாக மாறும், உடல் சோரும். ஆனால் சிறுநீரக நோயில் வழக்கமாகக் காணும் உடல் வீக்கமும் உயர் குருதியழுத்தமும் இவர்களிடம் தொடக்கத்தில் இரா. சிறுநீரகங்கள் இரண்டும் மெல்ல மெல்லச் சுருங்கிச் சிறுத்துவிடும். இந்நோயாளருள் பலருக்குச் சிறுநீரகத்தின் உட்குழிவிலும் சிறுநீர்க்குழாயிலும் புற்றுநோய் தோன்றியது. பிற இடங்களில் அவ்விடத்துப் புற்று மிக அரிது.

இந்நோயின் பரவல் விந்தையானது. ஓர் ஊரில் இருக்கும். அதற்கு அடுத்த ஊரில் இராது. ஓர் இல்லத்தில் பலருக்கு இருக்கும். அண்டை இல்லத்தில் எவருக்கும் இராது. எனவே இது குடிவழி நோய் எனச் சிலர் கருதினர். ஆனால், வெளியூரிலிருந்து வந்து அங்கே பதினைந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கும் இது வந்தது. இளமையிலேயே ஊரை விட்டு நீங்கியவர் தப்பினர். குருதியுறவைவிட உணவும் உறைவிடமும் காரணமாக இருத்தல் வேண்டும் என்பதை இது காட்டியது. 1964இல் உலக நலவாழ்வு நிறுவனம் டுப்ரோவ்னிக் நகரில் இதற்கென ஒரு கூட்டத்தைக் கூட்டியது. ஈயம், கிணற்று நீர், நிலக்கரிப் படிவிலிருந்து கசியும் பொருள்கள், தானியத்தில் தோன்றும் பூஞ்சை நஞ்சு, நச்சுயிரி எனக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆராயப்பட்டன. ஒன்றும் முற்றப் பொருந்தவில்லை. பூஞ்சை நஞ்சுக் கொள்கை மட்டும் பல்லாண்டுகள் செல்வாக்குடன் நிலவியது.

இதற்கிடையே, 1957ஆம் ஆண்டிலேயே, யூகோஸ்லாவியாவில் வேறொரு செய்தி பதிவாகியிருந்தது. அரிஸ்டலோக்கியா கிளெமாடிடிஸ் என்னும் களை கலந்த வைக்கோலைத் தின்ற குதிரைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது என்பதே அது. பசுமையாக நிற்கும்பொழுது கால்நடைகள் ஒதுக்கும் செடியை, உலர்ந்த தீவனத்தோடு கலந்தபின் பிரித்து ஒதுக்க இயலாது. இவ்விடத்தில்தான் நம் ‘ஆடு தின்னாத’ என்னும் பெயர் நினைவுக்கு வருகிறது. ஆட்டுக்கு உள்ள தெரிவு உரிமை வைக்கோற்போரின் முன் நிற்கும் குதிரைக்கு இல்லை. மாவு அரைத்து ரொட்டி சுட்டு உண்ணும் மனிதனுக்கும் இல்லை.

இச்செய்தியைப் பற்றிக்கொண்டு மேலே சென்றவர் இவிச் என்னும் ஆய்வாளர். அக்களை கோதுமை வயலில் கோதுமையோடு வளர்ந்து, அறுவடைக் காலத்திலேயே அதன் விதையும் முற்றுகிறது என்பதையும், விதைகள் தானியத்தோடு கலந்து மாவாகி வீட்டு ரொட்டியில் சேர்கின்றன என்பதையும் அவர் சுட்டினார். அவ்விதை கலந்த மாவை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீரகத்தில் அந்நோயை ஒத்த சிதைவைக் கண்டார். இவற்றை 1969ஆம் ஆண்டு ஜாக்ரெபிலிருந்து வெளிவரும் மருத்துவ இதழில் தம் நாட்டு மொழியிலேயே வெளியிட்டார். விடை ஏறத்தாழ முழுமையாக அதில் இருந்தது. ஆயினும் உலக ஆய்வாளர் அதனைப் பொருட்படுத்த மேலும் கால் நூற்றாண்டு சென்றது. அறிவியல் உலகில் செல்வாக்குடைய மொழியில் எழுதப்படாமை இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. தமிழில் ஆய்விதழ் நடத்துவோரும் அதில் எழுதுவோரும் இச்செய்தியைக் கடந்து செல்ல முடியாது.

இதற்கு இணையான நிகழ்ச்சி சீனத்திலும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஊ சோங்ஹான் என்னும் மருத்துவர், முதோங் என்னும் மூலிகையை மிகுதியாக உட்கொண்டதால் இருவருக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்ததைச் சீன மொழி இதழொன்றில் எழுதினார். அக்குறிப்பும் அவ்வாறே கிடந்தது.

பிரசெல்சில் பெயர் மாறிய கதை

பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சில் உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ நிலையம் ஒன்று பல்லாண்டுகளாக ஒரு மருந்துக் கலவையை அளித்து வந்தது. 1990ஆம் ஆண்டு அக்கலவையில் இரண்டு சீன மூலிகைகளின் தூள் புதிதாகச் சேர்க்கப்பட்டது. 1992இல் அங்கு மருந்து உண்ட இரு பெண்களுக்குச் சிறுநீரகம் விரைவாகச் செயலிழந்தது. ஐயுற்ற மருத்துவர் வான்ஹெர்வேகெமும் அவர்தம் குழுவினரும் தேடியதில் அதே நிலையத்தில் மருந்து உண்ட வேறு பெண்களும் அகப்பட்டனர். ஐம்பது அகவைக்குட்பட்ட ஒன்பது பெண்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1993இல் வெளிவந்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை நூற்றைக் கடந்தது.

புதிதாகச் சேர்த்த மூலிகைகளுள் ஒன்றின் பெயர் ஃபாங்ஜி. ஆவணங்களில் அது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா எனக் குறிக்கப்பட்டிருந்தது. அச்செடிக்குச் சீன வழக்கில் ‘ஹான் ஃபாங்ஜி’ என்று பெயர். ஆனால் ‘குவாங் ஃபாங்ஜி’ என மற்றொன்றும் உண்டு. அது அரிஸ்டலோக்கியா ஃபாங்ச்சி என்னும் செடியின் வேர். அடைமொழி மட்டுமே வேறு, தலைச்சொல் ஒன்றே. வணிகத்தில் அடைமொழி உதிர்ந்துபோயிற்று. 1994இல் அத்தூளைப் பகுத்தாய்ந்தபொழுது, ஸ்டெபானியாவுக்கு உரிய பொருள் பெரும்பாலானவற்றில் இல்லை என்பதும், அரிஸ்டலோக்கிக் அமிலம் இருந்தது என்பதும் தெளிவாயின.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. எலிகளில் புற்றுநோய் உண்டாக்குவது கண்டறியப்பட்டமையால், அரிஸ்டலோக்கிக் அமிலம் கொண்ட மருந்துகள் 1981ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் விலக்கப்பட்டுவிட்டன. அறிவு இருந்தது, அண்டை நாட்டிலேயே இருந்தது. ஆனால் பிரசெல்சில் பொட்டலத்தின் மேலிருந்த பெயர் வேறு. பெயரைக் கொண்டு காப்புச் செய்யும் எந்த ஏற்பாடும் பெயர் பிழைத்த இடத்தில் தோற்றுவிடும்.

முதோங் என்னும் பெயரின் நிலையும் இதுவே. பழைய நூல்கள் குறித்த முதோங் அகேபியா என்னும் வேறு கொடி. பிற்காலச் சந்தையில் ‘குவான் முதோங்’ எனப்பட்ட அரிஸ்டலோக்கியா மஞ்சூரியென்சிஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூல் மாறவில்லை; சொல் மாறவில்லை; சொல் சுட்டிய பொருள் மாறிவிட்டது. சீன அரசு குவான் முதோங்கை 2003இலும் குவாங் ஃபாங்ஜியை 2004இலும் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. தைவான் 2003இல் அரிஸ்டலோக்கிக் அமிலமுடைய மூலிகைகளைத் தடை செய்தது. 1997 முதல் 2003 வரையிலான மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபொழுது, அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்தகைய மூலிகைகள் மருந்தாக எழுதித்தரப்பட்டிருந்தமை தெரியவந்தது.

பிரசெல்சு நோயாளரின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் கண்ட கோசின்சும் அவருடன் பணியாற்றியவரும், அது தன்யூப் கரை நோயாளரின் திசுவைப் பெரிதும் ஒத்திருப்பதை 1994இல் எடுத்துக்காட்டினர். நகரத்து மருத்துவ நிலையமும் உழவர் வீட்டு அடுப்பும் ஒரே செடியினத்தால் இணைக்கப்பட்டன. இவிச்சின் கட்டுரைக்கு அதன்பின்னரே மறுவாழ்வு கிடைத்தது. 2007ஆம் ஆண்டு கிரோல்மன், யெலாக்கோவிச் முதலியோர் குரோவேசிய நோயாளரின் சிறுநீரகத்தில் இவ்வமிலத்தின் எச்சம் மரபணுப் பொருளோடு பிணைந்து கிடப்பதைக் காட்டினர். ஐம்பதாண்டு வழக்கு அத்துடன் ஏறத்தாழத் தீர்ந்தது.

சிறுநீரகத்துள் நிகழ்வது

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண் அலகுகள் உள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டை நுண்குழல்களின் வழியே உடம்புக்கே மீட்டுக் கொடுக்கின்றன. எஞ்சியதே சிறுநீர். வடிகட்டும் பகுதி கெட்டால் புரதம் ஒழுகும், சிறுநீர் நுரைக்கும், உடல் வீங்கும். அரிஸ்டலோக்கிக் அமிலம் தாக்குவது வடிகட்டியை அன்று, மீட்டெடுக்கும் குழலை. குருதியிலுள்ள அமிலத்தை அக்குழலின் உயிரணுக்களே கழிவெனக் கருதி உள்ளிழுத்துக்கொள்கின்றன. கழிவு நீக்கும் தொழிலே நஞ்சை ஏற்கும் வாயிலாகிறது. உள்ளே அது வேதிமாற்றமுற்று, மரபணுவிலுள்ள அடினினோடு பிணைகிறது. உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. சிறுநீரகம் சுருங்குகிறது.

குருதியில் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் சுரப்பு அக்குழல்களைச் சூழ்ந்த திசுவில்தான் பிறக்கிறது. அது அழிவதால் குருதிச்சோகை முற்படத் தோன்றுகிறது. சிறுநீரகத்தின் ஆற்றலில் பாதியளவு குறையும்வரை பொதுவான குருதிச் சோதனையில்கூட மாற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. பின்னர் பசியின்மை, குமட்டல், களைப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் என ஒவ்வொன்றாக வரும். இறுதியில் டயாலிசிஸ் எனப்படும் செயற்கைக் குருதித் தூய்மையோ மாற்றுச் சிறுநீரகமோ இன்றி உயிர் வாழ இயலாது. மருந்தை நிறுத்தினாலும் மரபணுவிற் பதிந்த வடு நீங்குவதில்லை. பிரசெல்சு நோயாளருள் முப்பத்தொன்பது பேர் செயலிழந்த சிறுநீரகங்களை முற்காப்பாக அகற்றிக்கொள்ள இசைந்தனர். அவர்களுள் பதினெண்மருக்குப் புற்று தோன்றியிருந்தமை 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை இம்மூலிகைகளை 2002இல், மனிதரிடம் புற்று உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் தொகுதியில் சேர்த்தது.

இத்தகைய தீங்கு மரபு மருத்துவத்துக்கு மட்டும் உரியது எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. 1887 முதல் வழங்கிய ஃபினாசெட்டின் என்னும் மேலைநாட்டு வலிநீக்கி, பல்லாண்டுகள் நாள்தோறும் உண்டவரின் சிறுநீரகத்தை இவ்வாறே சிதைத்தது. அதனை உணர்த்தும் ஆய்வுகள் 1950களில்தான் சுவிட்சர்லாந்திலிருந்து வரத் தொடங்கின.

நீர்க்குறி காட்டாத நோய்

தமிழ் மருத்துவ மரபு சிறுநீரைப் புறக்கணித்த மரபன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்கி நோயறியும் முறையை விரிவாகக் கூறுகின்றன. நல்லெண்ணெய்த் துளி சிறுநீரின் மேல் பரவும் வகையைக் கொண்டு வாத, பித்த, ஐய நிலைகளைத் துணிவர். இத்துணை நுண்ணிய நோக்குடைய மரபு, ஈசுரமூலியின் தீங்கைக் கண்டிருக்கக் கூடாதா என வினவலாம்.

மேலே கூறிய நோய்க்கூறுகளை நோக்கின் விடை கிடைக்கும். புரதம் மிகுதியாக ஒழுகாமையால் சிறுநீர் பெரிதாக நுரைப்பதில்லை. வீக்கம் இல்லாமையால் சோபை எனப் பெயரிட வழியில்லை. அடைப்பும் எரிவும் இல்லாமையால் நீரடைப்பு, நீர்ச்சுருக்கு ஆகியவற்றுள் அடங்காது. புறத்தே தெரிவது வெளிறுதல் ஒன்றே. அத்தகைய நோயாளி ஒருவர் பண்டை மருத்துவரிடம் வந்திருப்பின் அவர் பாண்டு நோய் என்றே துணிந்திருப்பார் என்பது என் கருத்து. பாண்டுவுக்குக் காரணமாக, முன்னர் உண்ட மருந்தை எவரும் நினைத்திரார். பாம்புக்கடிக்கு ஒருமுறை அரைத்துக் கொடுத்த வேர் அன்றே கொல்வதில்லை. புழுவுக்குக் கொடுத்த இலைச்சாறு புழுவை வீழ்த்துகிறது. மருத்துவர் காண்பது அந்நன்மையை. சிறுநீரகச் சிதைவு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வருவது. புற்று அதனினும் பிந்தி வருவது. உண்டவர் எல்லோருக்கும் வருவதுமன்று. பிரசெல்சிலும் மருந்து உண்டோருள் ஒரு சிறு பகுதியினரே நோயுற்றனர். ‘தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் மருந்து’ என்னும் சான்று உடனடித் தீங்கின்மைக்கு வலிமையான சான்று. காலந்தாழ்ந்த தீங்கின்மைக்கு அது சான்றாகாது. இவ்வேறுபாட்டை நம் மருத்துவ நூல் முன்னுரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

பண்டை மருத்துவர் இச்செடிகளை எவ்வளவு காலம், எவ்வளவு அளவில், எப்பொருளோடு சேர்த்துக் கொடுத்தனர் என்பதும் எண்ணத்தக்கது. கடிவாயில் பூசும் மேற்பூச்சுக்கும் பல மாதங்கள் உட்கொள்ளும் தூளுக்கும் வேறுபாடு பெரிது. மூலநூல்களில் அளவும் நாள் வரையறையும் கூறப்பட்டிருக்கும் இடங்களிலும், எளிய பதிப்புகள் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரையறையை விட்டுவிடும் போக்கு காணப்படுகிறது. இது பாடத் திருத்தத்துக்கு உட்பட்ட குற்றமே.

தென்னிந்தியக் காடுகளில் இந்நஞ்சைத் தெரிந்து கையாளும் உயிர் ஒன்றுண்டு. சிவப்புடல் அழகி முதலிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் ஈசுரமூலியின் இலையைத் தின்று, அவ்வமிலத்தைத் தம் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அதனால் பறவைகள் அவற்றை ஒதுக்குகின்றன. ஆடு ஒதுக்கிய செடி, பறவை ஒதுக்கும் பூச்சியாகிறது.

பதிப்பும் அகராதியும்

சித்த மருத்துவச் சுவடிகளில் ஒரு செடிக்குப் பல பெயரும், ஒரு பெயருக்குப் பல செடியும், அவற்றின்மேல் குழூஉக்குறியும் அமைந்திருப்பது யாவரும் அறிந்தது. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி 1930களில் வெளிவரத் தொடங்கி இச்சிக்கலுக்குப் பேருதவி புரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் (1924-1936) செடிப்பெயர்களுக்குத் தாவரவியற் பெயரை இணைத்துத் தந்தது. 2001 முதல் நடுவண் அரசு உருவாக்கிவரும் மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூற்செய்திகளும் பிற மொழிகளில் பெயர்த்துச் சேர்க்கப்பட்டுள்ளன. அதாவது, ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு தாவரவியற் பெயரை இணைக்கும் செயல் இன்று ஓர் ஊர் மருத்துவரின் கைப்பையோடு நிற்பதில்லை. பன்னாட்டு மருந்து வணிகத்துக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் அது செல்கிறது. குவாங் என்னும் ஓர் அடைமொழி உதிர்ந்ததால் நேர்ந்ததை மேலே கண்டோம். கருடக்கொடி, ஆகாசக் கருடன். ஆடுதின்னாப்பாளை, ஆடுதின்னாப்பாலை என்பனவும் அத்தகைய வழுக்கிடங்களே.

மூலபாடத்தில் கைவைத்து இச்செடிகளை நீக்கிவிடுதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஏட்டிலுள்ளதை உள்ளவாறே தருவது பதிப்பாசிரியரின் கடமை. ஆனால் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு எழுதும் உரிமையும் உடையவர். குணபாட நூல்களின் புதிய பதிப்புகளில் பெருமருந்து, ஈசுரமூலி, தலைச்சுருளி, கருடக்கொடி ஆகிய நான்கு சொற்களும் வரும் இடந்தோறும், அவை ஒரே செடியைச் சுட்டுவன என்பதும், ஆகாசக் கருடன் அதனின் வேறு என்பதும், இச்செடியிலும் ஆடுதின்னாப்பாளையிலும் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்று விளைப்பதும் ஐயமற நிறுவப்பட்டுள்ளன என்பதும் குறிக்கப்படல் வேண்டும். அகராதிப் பதிவில் ‘மருந்துக்கொடி வகை’ என்று மட்டும் எழுதி முடிப்பது போதாது. ஒரு பாடவேறுபாட்டுக்கு அரைப்பக்கம் அடிக்குறிப்பு எழுதும் நமக்கு, இதற்கு இரண்டு வரி மிகையாகாது.